தேவ சித்தத்தோடு இசைந்து ஜெபிப்பது: படிப்படியாக ஒரு வழிகாட்டி

"தேவனுடைய சித்தத்தின்படி ஜெபியுங்கள்" என்று சொன்னால், வருடக்கணக்காக ஜெபிக்கிறவர்களும் கொஞ்சம் திகைத்துத்தான் போகிறார்கள். சிலர் தங்கள் விருப்பத்தையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போடுவதுபோல "உமக்குச் சித்தமானால்" என்று கடைசியில் சேர்த்துவிடுகிறார்கள். வேறு சிலர், அவருடைய சித்தம் முதலில் துல்லியமாகத் தெரிந்தால்தான் வாயைத் திறக்கலாம் என்று எண்ணி, மாதக்கணக்கில் எதையுமே கேட்காமல் இருக்கிறார்கள்.

சபையின் ஜெபக்குழுவில் புதிதாகச் சேருகிறவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது: இவர்களுக்கு விசுவாசம் குறைவு இல்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "நாம் எதையாகிலும் அவருடைய சித்தத்தின்படி கேட்டால், அவர் நமக்குச் செவிகொடுக்கிறார்" என்பதை யோவான் தைரியம் என்று அழைக்கிறார் (1 யோவான் 5:14). அந்தத் தைரியத்தோடு ஜெபிக்க உதவும் வரிசை கீழே இருக்கிறது. ஒரு முறை வாசித்துவிட்டு மூடிவிடாமல், கையில் இருக்கும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு படி படியாகச் செய்து பாருங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று. போனில் வாசிப்பது தவறு இல்லை. ஆனால் வாசிக்கும்போதே வாட்ஸ்அப் செய்தி வந்து நிற்கும். ஒரு அதிகாரம் முழுதாக உட்கார்ந்து வாசிக்க முடியாது. இந்த முறையில் அதிகாரம் முழுவதையும் வாசிப்பது முக்கியம்.

ஒரு சாதாரண நோட்டு. ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம். மேலே தேதி. எழுதாமல் ஜெபிக்கலாம், ஆனால் நாம் முதலில் என்ன கேட்டோம் என்பதே மூன்று வாரத்தில் மறந்துபோகும்.

குறுக்கீடு இல்லாத அரை மணி நேரம். அதிகாலைதான் வேண்டும் என்று இல்லை. ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் பிற்பகலில் செய்யட்டும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பிள்ளை தூங்கும் நேரத்தில் செய்யட்டும்.

1. தடையை முதலில் அகற்றுங்கள்

"என் இருதயத்தில் அக்கிரமசிந்தை கொண்டிருந்தேனானால், ஆண்டவர் எனக்குச் செவிகொடார்" என்கிறது சங்கீதம் 66:18. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னார் இயேசு (மத்தேயு 5:23, 24). மனைவியைக் கனம்பண்ணாத புருஷனுடைய ஜெபத்துக்குத் தடை வரும் என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 3:7). மூன்றும் ஒரே காரியத்தைத்தான் சொல்கின்றன: ஒரு விஷயத்தில் அவருடைய சித்தத்தைத் தெரிந்தே மீறிக்கொண்டு, இன்னொரு விஷயத்தில் அவருடைய சித்தத்தைக் கேட்க முடியாது.

ஆகவே ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். யாரோடு பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது, யாருக்குத் தர வேண்டிய பணம் நிற்கிறது, எந்தப் பொய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். தோன்றுவதை அறிக்கையிடுங்கள். சரிசெய்யக்கூடியதை அன்றைக்கே சரிசெய்யத் தொடங்குங்கள். ஒரு போன் போதும் என்றால் அந்தப் போனைச் செய்துவிட்டு வாருங்கள்.

இங்கே தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் மென்மையான மனசாட்சி உள்ளவர்கள். "இன்னும் ஏதோ பாவம் இருக்குமோ" என்று தோண்டிக்கொண்டே இருந்து, இந்தப் படியைத் தாண்டுவதே இல்லை. 1 யோவான் 1:9 அறிக்கையிடுகிறவனுக்கு மன்னிப்பையும் சுத்திகரிப்பையும் தருகிறது. தோண்டிக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. தெரிந்ததை அறிக்கையிட்டாயிற்றா? சரி, அடுத்ததற்குப் போங்கள்.

2. உங்கள் விருப்பத்தை மறைக்காமல் எழுதுங்கள்

பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சித்தத்தின்படி ஜெபிப்பது என்றால் நமக்கென்று ஆசையே இல்லாதவர்போல நடந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறார்கள். சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனேயில் அப்படி நடக்கவில்லை. "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்பதுதான் முதலில் வருகிறது (மத்தேயு 26:39). பாவமில்லாத குமாரனே தம் விருப்பத்தைப் பிதாவிடம் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். சொல்லாத விருப்பத்தை ஒப்புக்கொடுக்கவும் முடியாது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இதையே கடைசி வரை கொண்டுபோகலாம். தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ். சவூதியில் வேலைக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. வீட்டுக்கடன் இருக்கிறது, நான்கு வயதில் பெண் குழந்தை இருக்கிறாள், மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. நோட்டில் அவர் எழுதுவது: "ஆண்டவரே, சவூதி வேலை கிடைக்க வேண்டும்."

இதோடு நிறுத்தாதீர்கள். கீழே "எதற்காக?" என்று எழுதுங்கள். கடனை அடைக்க. கடன் எதற்காக அடைய வேண்டும்? மாதாமாதம் வட்டிக்குப் பயந்து வாழ்வது போதும் என்பதற்காக. இன்னும் ஒரு முறை கேட்டால், அவர் பேனாவை வைத்துவிட்டு யோசிப்பார். பிறகு எழுதுவார்: "என் தங்கச்சி வீடு கட்டிவிட்டாள். சொந்தக்காரர்கள் முன்னால் தாழ்ந்து நிற்க முடியவில்லை."

அந்தக் கடைசி வரி வெளியே வருவதற்காகத்தான் இந்தப் படி. "உங்கள் இச்சைகளை நிறைவேற்றும்படி செலவழிக்கவேண்டுமென்று" கேட்கிறதை யாக்கோபு தகாத விண்ணப்பம் என்கிறார் (யாக்கோபு 4:3). ஒரே விண்ணப்பத்துக்குள் நல்ல நோக்கமும் தகாத நோக்கமும் கலந்திருக்கும். எழுதினால்தான் பிரித்துப் பார்க்க முடியும். கலந்திருக்கிறதே என்று விண்ணப்பத்தையே தூக்கி எறிய வேண்டாம். தகாததை அடித்துவிட்டு, நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. தெரிந்ததையும் தெரியாததையும் பிரியுங்கள்

முழு வழிகாட்டியிலும் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். உபாகமம் 29:29 ஒரு கோடு போட்டுத் தருகிறது: மறைவானவைகள் கர்த்தருக்கு உரியவைகள், வெளிப்படுத்தப்பட்டவைகள் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவைகள். நாமோ மறைவானதைக் கண்டுபிடிக்க ராத்திரி முழுக்க விழித்திருந்து, வெளிப்படுத்தப்பட்டதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

நோட்டுப் பக்கத்தை நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம், இந்த விஷயத்தில் வேதம் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லிவிட்டது. வலப்பக்கம், வேதம் நேரடியாகச் சொல்லாதது.

இடப்பக்கம் நாம் நினைப்பதைவிட வேகமாக நிரம்பும். "நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாகவேண்டுமென்பதே தேவனுடைய சித்தம்" (1 தெசலோனிக்கேயர் 4:3). எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்வது அவருடைய சித்தம் (5:18). நன்மை செய்வதினாலே புத்தியீனருடைய அறியாமையை அடக்குவது அவருடைய சித்தம் (1 பேதுரு 2:15). ஞானம் குறைவானவன் கேட்டால் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் (யாக்கோபு 1:5). குடும்பத்தாரை விசாரிக்க வேண்டும் (1 தீமோத்தேயு 5:8). அதிகாரத்தில் உள்ளவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் (1 தீமோத்தேயு 2:1, 2).

நமது நர்ஸின் பக்கம் இப்படி இருக்கும். இடப்பக்கம்: எங்கே வேலை செய்தாலும் உண்மையாகச் செய்ய வேண்டும்; கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும்; குழந்தையைக் கர்த்தருக்கேற்ற போதனையில் வளர்க்க வேண்டும்; மாமியாரைக் கவனிக்க வேண்டும்; தங்கை மேல் பொறாமை கூடாது. வலப்பக்கம்: சவூதியா, உள்ளூரா, இந்த வருடமா, அடுத்த வருடமா, கணவர் கூட வருவதா, குழந்தையோடு இங்கேயே இருப்பதா.

பார்த்தீர்களா? ஜெபக்குறிப்பில் அவர் முதலில் எழுதியது முழுக்க வலப்பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஜெபக்குறிப்புகளின் நிலை இதுதான். உறுதியாகக் கேட்கக்கூடிய ஐந்து விண்ணப்பங்கள் இடப்பக்கத்தில் யாரும் தொடாமல் கிடக்கின்றன.

மூன்றாவதாக ஒன்று உண்டு: வேதம் ஏற்கெனவே "கூடாது" என்று சொன்னவை. இவற்றுக்காகச் "சித்தம் என்ன" என்று ஜெபிக்கவே வேண்டியதில்லை. அனுபவச் சான்றிதழில் இரண்டு வருடம் கூட்டிப் போடலாமா என்பது ஜெபக்குறிப்பு ஆகாது. அரசு வேலைக்குப் பணம் கொடுக்கலாமா என்பதும் ஆகாது. என் மகனுக்கு இத்தனை பவுன் போடும் வீட்டில் பெண் அமைய வேண்டும் என்று உபவாசம் இருப்பவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். வரதட்சணையை எத்தனை நாள் உபவாசமும் பரிசுத்தமாக்காது. சபைகளில் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

4. இடப்பக்கத்தை வசனத்தோடு ஜெபியுங்கள்

இப்போதுதான் முழங்கால். முதலில் இடப்பக்கம். காரணம், நிச்சயம் உள்ள இடத்தில் தொடங்கினால் மனம் தேவனுடைய எண்ணங்களின் பக்கம் திரும்புகிறது. அதன் பின் வலப்பக்கத்துக்கு வரும்போது கேட்கும் விதமே மாறியிருக்கும். "என் வார்த்தைகள் உங்களிலும் நிலைத்திருந்தால்" என்ற நிபந்தனைக்குப் பிறகுதான் "நீங்கள் கேட்டுக்கொள்வதெதுவோ அது உங்களுக்குச் செய்யப்படும்" என்று வருகிறது (யோவான் 15:7).

தானியேல் 9-ஆம் அதிகாரம் இதற்கு நல்ல மாதிரி. எருசலேமின் பாழ்க்கடிப்பு நிறைவேறித் தீர எழுபது வருடம் செல்லும் என்பதை எரேமியாவின் எழுத்தில் வாசித்துத் தெரிந்துகொண்டான். "அப்படியானால் தானாக நடக்கும்" என்று இருந்துவிடவில்லை; உபவாசித்து, இரட்டிலும் சாம்பலிலும் உட்கார்ந்து அதற்காகவே ஜெபித்தான். வாக்குத்தத்தம் அவனை ஜெபிக்கத் தூண்டியது. அப்போஸ்தலர் 4-இல் சபையார் இரண்டாம் சங்கீதத்தை எடுத்து ஜெபித்தார்கள். யூத அதிகாரிகளின் பயமுறுத்தலை நிறுத்தும் என்று கேட்கவில்லை. முழு தைரியத்தோடும் வசனத்தைச் சொல்லக் கிருபை கேட்டார்கள். சங்கீதத்தோடு ஜெபித்ததால் விண்ணப்பமே திசை மாறியது.

செய்யும் முறை எளிது. இடப்பக்கத்து வரிக்குப் பொருத்தமான வேதப்பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னது என்று பாருங்கள். பிறகு அந்த வாக்கியத்தையே விண்ணப்பமாக மாற்றுங்கள். பவுலின் ஜெபங்கள் இதற்கென்றே கையில் கிடைத்தவை: எபேசியர் 1:17-19, எபேசியர் 3:14-19, பிலிப்பியர் 1:9-11, கொலோசெயர் 1:9-12.

கொலோசெயரை எடுத்துக்கொண்டால் நமது நர்ஸின் ஜெபம் இப்படி வரும்: "பிதாவே, உம்முடைய சித்தத்தை அறிகிற அறிவினால் என்னை நிரப்பும். எந்த ஆஸ்பத்திரியில் நின்றாலும் உமக்குப் பிரியமாய் நடக்கப் பண்ணும். இந்தக் கடன் தீரும்வரை பொறுமையும், அதிலும் சந்தோஷத்தோடே கூடிய நீடிய சாந்தமும் தாரும்." இதில் ஒரு வார்த்தைக்கும் "சித்தமானால்" தேவையில்லை. அவருடைய சித்தம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். தைரியமாகக் கேளுங்கள்.

இங்கே நடக்கும் பெரிய பிழை, வசனத்தைப் பிடுங்கி எடுப்பது. வருடத் தொடக்க ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தால் அந்த வருடமே செழிப்பு என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதற்கு முந்தைய வசனத்தை வாசியுங்கள்: பாபிலோனில் எழுபது வருடம் நிறைவேறின பின்பு. அது சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், உங்களைச் சிறைப்படுத்திக் கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்லும் கடிதம். முழுதாக வாசித்தால் அந்த வசனத்தின் ஆறுதல் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இன்றைய சூழ்நிலை உடனே மாறாவிட்டாலும் தேவனுடைய நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்று அது சொல்கிறது. அட்டையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த அட்டைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரத்தையும் வாசித்துவிடுங்கள்.

5. வலப்பக்கத்தை வெளிப்படையாகக் கேளுங்கள், பிறகு விட்டுக்கொடுங்கள்

தெரியாத விஷயங்களைக் கேட்கவே கூடாது என்று இல்லை. "எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை" தெரியப்படுத்தச் சொல்லியிருக்கிறது (பிலிப்பியர் 4:6). எல்லாவற்றிலும் சவூதி வேலையும் அடங்கும்.

கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். நெகேமியா ராஜாவுக்கு முன் நின்றபோது, மனதுக்குள் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிட்டு, தேசாதிபதிகளுக்குக் கடிதங்கள் வேண்டும், வனத்துக் காவலாளனாகிய ஆசாப்பிடமிருந்து மரங்கள் வேண்டும் என்று கேட்டான் (நெகேமியா 2). என்ன தேவை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நாட்கணக்காய் ஜெபித்த காலத்தில் யோசித்து வைத்திருக்கிறான். "ஆசீர்வதியும்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிட்டால் விடை வந்ததா இல்லையா என்று நமக்கே தெரியாது.

விட்டுக்கொடுப்பது எப்படி? மத்தேயு 26-ஐ மெதுவாக வாசியுங்கள். முதல் ஜெபத்தில் "நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்". இரண்டாவது ஜெபத்தில் வார்த்தை மாறுகிறது: "இது என்னைவிட்டு நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது." மூன்றாம் முறையும் அந்த வார்த்தைகளையே சொன்னார். ஆண்டவருக்கே அது ஒரே மூச்சில் முடிந்த காரியம் இல்லை. ஆகவே உங்களுக்கும் ஒரே உட்காருதலில் முடியாவிட்டால் பதற வேண்டாம்.

நடைமுறையில், கேட்ட பிறகு எதிர்ப்பக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். "சவூதி வேலை தாரும் ஆண்டவரே. நீர் கொடுக்காமல் போனால், இதே ஆஸ்பத்திரியில், இதே கடனோடு உம்மை நம்பி நடக்க எனக்கு உதவி செய்யும்." இரண்டாவது வாக்கியம் தொண்டையில் சிக்கினால், இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதையும் அவரிடம் சொல்லுங்கள். நாளைக்குத் திரும்ப வாருங்கள்.

சில இடங்களில் "சித்தமானால் என்று சொல்வது அவிசுவாசம்" என்று போதிக்கிறார்கள். கெத்செமனேயை வாசித்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. யாக்கோபு 4:15 "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சொல்லவே கட்டளையிடுகிறது. இன்னொரு பக்கம், ஏமாற்றத்துக்குப் பயந்து எதையும் உறுதியாகக் கேட்காமல், அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களும் உண்டு. வெளிப்படையாகக் கேட்டவர்தான் உண்மையாக விட்டுக்கொடுக்கவும் முடியும்.

6. ஜெபத்துக்கு ஏற்ப நடங்கள். அடையாளம் தேடி அலையாதீர்கள்

"எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினோம், இராப்பகல் காவலும் வைத்தோம்" என்பதுதான் நெகேமியா 4:9-இன் சாரம். ஞானத்தைக் கேட்டுவிட்டு, விசாரிக்காமல் இருப்பது சரியல்ல. நர்ஸ் செய்ய வேண்டியவை: ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைகிரேட் என்ற அரசு இணையதளத்தில் பார்ப்பது, ஒப்பந்தத்தில் சம்பளம், லீவு, தங்குமிடம் எப்படி எழுதியிருக்கிறது என்று வாசிப்பது, நர்ஸ் உரிமத்துக்கான புரோமெட்ரிக் தேர்வுக்கும் டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் ஆகும் செலவைக் கணக்குப் போடுவது, ஏற்கெனவே அங்கே வேலை பார்த்துத் திரும்பிய ஒரு அக்காவிடம் மனம்விட்டுப் பேசுவது, கணவரோடு உட்கார்ந்து ஜெபிப்பது. சித்தம் பெரும்பாலும் இப்படிப்பட்ட சாதாரண வேலைகளின் நடுவில்தான் தெளிவாகிறது.

குறுக்குவழிகள் மூன்று அடிக்கடி வருகின்றன. முதலாவது, கிதியோனைப்போல் அடையாளம் போடுவது: "நாளைக்குள் போன் வந்தால் உமது சித்தம்." நியாயாதிபதிகள் 6-ஐ வாசித்தால், கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு அடையாளம் கேட்பதற்கு முன்பே தேவன் அவனிடம் தெளிவாகப் பேசிவிட்டார் என்று தெரியும். அவன் அதை நம்ப முடியாமல் கேட்டான். தேவன் இரக்கமாய்ப் பொறுத்துக்கொண்டார். நாம் பின்பற்ற வேண்டிய முறையாக வேதம் அதைக் கொடுக்கவில்லை. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும் இதே வகைதான்.

இரண்டாவது, யாராவது "கர்த்தர் சொன்னார்" என்று சொல்வதை அப்படியே ஏற்பது. தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணாதே என்ற அதே மூச்சில் "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து" என்றும் பவுல் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). வேதத்தோடு ஒத்துப்போகிறதா, சொல்கிறவருக்கு அதில் ஆதாயம் இருக்கிறதா, முதிர்ந்த விசுவாசிகள் இருவர் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். திருமண விஷயத்தில் இதைச் செய்யாமல் விட்டு வருந்துகிறவர்கள் உண்டு.

மூன்றாவது, மனதில் சமாதானம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து முடிவெடுப்பது. கர்த்தருடைய சமுகத்தைவிட்டு ஓடிய யோனா கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். பிதாவின் சித்தத்தின் மையத்தில் இருந்த இயேசுவோ வியாகுலப்பட்டார். உள்ளத்துச் சமாதானம் விலையேறப்பெற்றதுதான். ஆனால் வசனமும் ஆலோசனையும் சூழ்நிலையும் ஒன்றாகப் பேசும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள். தனியாக அதை நீதிபதியாக உட்கார வைக்காதீர்கள்.

7. எவ்வளவு நாள் தொடர்வது, எப்போது நிறுத்துவது

மழை தருவேன் என்று கர்த்தர் சொல்லியிருந்தும் எலியா கர்மேலின் சிகரத்தில் குனிந்து ஜெபித்தான். ஊழியக்காரனை ஏழுதரம் அனுப்பிப் பார்க்கச் சொன்னான். ஏழாம் முறை உள்ளங்கையளவு மேகம் (1 இராஜாக்கள் 18). ஆகவே இடப்பக்கத்து விண்ணப்பங்களுக்கு நிறுத்தும் தேதி கிடையாது. பிள்ளைகளின் இரட்சிப்பு, பரிசுத்தம், ஞானம் இவற்றுக்கு உயிருள்ளவரை ஜெபியுங்கள். சோர்ந்துபோகக் கூடாது என்பதற்காகவே லூக்கா 18-இல் விதவையின் உவமையை ஆண்டவர் சொன்னார்.

வலப்பக்கம் வேறு. அங்கே நிறுத்த மூன்று சமயங்கள் உண்டு: விடை வந்துவிட்டால், காரியம் முடிந்துவிட்டால், தேவன் வேறு விதமாய்த் தெளிவாகச் சொல்லிவிட்டால். பிள்ளை பிழைக்கத் தாவீது உபவாசித்துத் தரையில் கிடந்தான். பிள்ளை இறந்ததும் எழுந்து ஸ்நானம்பண்ணி ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டான் (2 சாமுவேல் 12). தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், பதில் வந்தது, அந்த விண்ணப்பத்தை அங்கே விட்டார்.

நடுவில் இருக்கும் காலத்தில், வாரம் ஒரு முறை நோட்டுப் பக்கத்தைத் திரும்ப வாசியுங்கள். விண்ணப்பம் மாறியிருந்தால் பழையதை அழிக்காமல், கீழே தேதி போட்டுப் புதியதை எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நர்ஸ் "சவூதி" என்ற இடத்தில் "கடன் தீர வழி" என்று எழுதியிருக்கலாம். ஜெபம் அவருக்குள்ளேயே வேலை செய்திருக்கிறது என்று அப்போது கண்ணால் பார்ப்பார்.

8. "இல்லை" என்று வந்தால்

முக்கியமாக வியாதியில். சுகம் கேளுங்கள், மூப்பரை அழையுங்கள், எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். யாக்கோபு 5:14 இருக்கிறது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருந்தை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வந்த பலவீனங்களுக்கும் பவுல் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் இருந்து பிழைத்தான்; துரோப்பீமுவையோ மிலேத்துவில் வியாதியாய் விட்டுவந்தார். ஒரே அப்போஸ்தலன், ஒரே விசுவாசம், மூன்று விதமான முடிவு.

அதனால் வியாதிப்படுக்கை அருகில் நின்று "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஏற்கெனவே வலியில் இருக்கிறவர் மேல் குற்றத்தையும் ஏற்றுகிறோம். அந்த வார்த்தையால் சபையை விட்டே போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வருவது எத்தனை கஷ்டம் என்று முயன்றவர்களுக்குத் தெரியும்.

பவுலின் முள்ளை எடுக்காமல் "என் கிருபை உனக்குப்போதும்" என்றார் ஆண்டவர் (2 கொரிந்தியர் 12:9). இது கைவிட்ட பதில் அல்ல; கிருபையைக் கொடுத்த பதில். ஆனால் அதை ஏற்றுக்கொள்ளும்வரை அழலாம். சங்கீதம் 13 "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. இரண்டும் வேதத்தில் ஜெபங்களாகவே இருக்கின்றன. வார்த்தையே வராத நாளில் ரோமர் 8:26, 27-ஐ வாசித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று நமக்குத் தெரியாத நேரத்தில் ஆவியானவர் தேவனுடைய சித்தத்தின்படியே வேண்டுதல் செய்கிறார் என்கிறது அது.

9. மற்றவர்களோடு சேர்ந்து ஜெபிக்கும்போது

குழுவில் ஒருவர் ஜெபக்குறிப்பு கொடுத்தால், உடனே ஜெபத்துக்குப் போகாமல் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதில் ஆண்டவர் ஏற்கெனவே என்ன சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறீர்கள்?" அவர் யோசிக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் 3-ஆம் படி நடந்துவிடும். பிறகு ஒருவர் வசனத்தை வாசிக்கட்டும், ஒருவர் இடப்பக்கத்துக்காக, ஒருவர் வலப்பக்கத்துக்காக ஜெபிக்கட்டும். எல்லோரும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி நேரம் போவதும் இதனால் குறையும். வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று மத்தேயு 6:7-இல் சொன்னது ஜெபக்கூட்டத்துக்கும் பொருந்தும்.

ஜெபத்துக்குள் அறிவுரையைச் சொருகாதீர்கள். "ஆண்டவரே, இந்தச் சகோதரி பிள்ளையை விட்டுப் போவது தவறு என்று உணரச் செய்யும்" என்று ஒருவர் சத்தமாய் ஜெபித்தால், அது அந்தச் சகோதரியிடம் பேசியதுதான். அவர் அடுத்த வாரம் குறிப்பு கொடுக்க மாட்டார். சொல்ல வேண்டியிருந்தால் தனியாக, முகத்துக்கு முகம் பார்த்து அன்பாய்ச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பு போடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேளுங்கள். பெயர், வியாதி, குடும்பச் சண்டை விவரம் எதுவும் வேண்டாம். "ஒரு சகோதரியின் வேலைக் காரியம்" என்று போட்டால் ஜெபிக்கிறவர்களுக்குப் போதும். காரியம் முடிந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவரைக் கேட்டுவிட்டுக் குழுவுக்கு ஒரு வரி சொல்லிவிடுங்கள். ஆறு மாதமாய் ஜெபித்தவர்கள் என்ன ஆயிற்று என்று தெரியாமல் அப்படியே நிற்கக் கூடாது.